கீழாநெல்லியும் மேற்கோள் கணக்கும்

(ஆலத்தியூரில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மழை பெய்து ஓய்ந்த நாட்களில் இந்த வட்டாரத்து வரப்போரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும் கீழாநெல்லி தானாக முளைத்து நிற்கும். மஞ்சள் காமாலை என்றால் அதைப் பிடுங்கி, அலசி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பது பாட்டிமார் கைவைத்தியம். மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பேரப்பிள்ளைகள்கூட அந்தக் கிண்ணத்தை அவ்வளவு எளிதில் தட்டிவிடுவதில்லை. அப்படிப்பட்ட செடி 1988 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டனிலிருந்து வெளியாகும் ‘லான்செட்’ மருத்துவ ஆய்விதழில் இடம்பிடித்தது. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜன், பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். கடைசிப் பெயர் பரூக் புளும்பெர்க். ஹெபடைடிஸ் பி வைரஸின் அடையாளத்தைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்றவர்.

கட்டுரை சொன்ன செய்தி இது. ஹெபடைடிஸ் பி வைரஸை உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு, உலர்த்திப் பொடித்த கீழாநெல்லியை வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாட்கள் கொடுத்தார்கள். இன்னொரு சாராருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சிகிச்சை முடிந்த 15 முதல் 20 நாட்களில் ரத்தத்தைச் சோதித்தபோது, செடியைச் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேலுறைப் புரதம் இல்லை. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அது மறைந்திருந்தது. 59 விழுக்காட்டுக்கு எதிராக 4 விழுக்காடு.

இந்த எண்கள் மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்ததற்குக் காரணம் உண்டு. வைரஸ் ஒருவர் உடலில் நிலைத்துத் தங்கிவிட்டால், அந்த மேலுறைப் புரதம் தானாக மறைவது அபூர்வம். ஆண்டுக்கு நூறில் ஒருவருக்கு நடந்தால் உண்டு. இன்று கையில் இருக்கும் டெனோஃபோவிர், என்டிகாவிர் போன்ற நல்ல மருந்துகள்கூட வைரஸை அடக்கிவைக்கின்றனவே தவிர, அந்தப் புரதத்தை ஒரே மாதத்தில் துடைத்தெடுப்பதில்லை. கொல்லைப்புறச் செடி ஒன்று 30 நாளில் பாதிப் பேருக்கு மேல் துடைத்துவிட்டது என்றால், அது மெய்யாக இருக்கும் பட்சத்தில், ஈரல் மருத்துவத்தின் வரலாற்றையே திருப்பிப் போட்டிருக்கும்.

கதை சென்னையில் திடீரென்று தொடங்கியதல்ல. தியாகராஜன் குழுவினர் கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி இரண்டின் சாறும் சோதனைக் குழாயில் இந்தப் புரதத்தைச் செயலிழக்கச் செய்வதாக 1982இல் இந்திய மருத்துவ ஆய்விதழில் எழுதியிருந்தார்கள். பிலடெல்பியாவில் இருந்த புளும்பெர்க்கின் ஆய்வகம் அதைப் பிடித்துக்கொண்டது. மனித வைரஸுக்கு உறவான ஒரு வைரஸைச் சுமக்கும் வுட்சக் என்ற அமெரிக்கக் கொறிவிலங்கில் செடிச் சாற்றைச் சோதித்து 1987இல் கட்டுரை போட்டது. அதே ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கியாயிற்று. பாட்டி வைத்தியத்துக்கு அயல்நாட்டில் காப்புரிமையா என்று கேட்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் செடி வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு அந்தக் கோபத்தில் விடை இல்லை.

விடையைத் தேடி மற்றவர்கள் இறங்கினார்கள். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். வேலை செய்யவில்லை என்று 1990இல் அதே லான்செட் இதழில் எழுதினார்கள். நியூசிலாந்திலும் அதே முடிவு. 1994இல் பம்பாய் மருத்துவர்கள் இரண்டு கட்டமாக ஆய்வு நடத்தி, புரதம் மறையவில்லை என்று இந்திய குடல் இரைப்பை மருத்துவ ஆய்விதழில் தலைப்பிலேயே ஒளிவுமறைவின்றி அறிவித்தார்கள். செடி எந்த மண்ணில் வளர்ந்தது, எந்தப் பருவத்தில் பறித்தது, கீழாநெல்லியைப் போலவே தோற்றம் காட்டும் உறவுச் செடிகளில் எதைப் பொடித்தார்கள் என்றெல்லாம் சமாதானங்கள் எழுந்தன. அவற்றில் சில ஆராயத் தக்கவைதாம். கடைசியில் 2011இல் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 16 மருத்துவச் சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 1,326 நோயாளிகளையும் ஒருசேரத் தொகுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட இந்தச் செடியினம் மேலானது என்று நம்பத் தகுந்த சான்று இல்லை என்பது அவர்கள் தீர்ப்பு.

இனி மேற்கோள் கணக்குக்கு வருவோம். தாய்லாந்துக்காரர்கள் தங்கள் கட்டுரையின் அடியில் 1988ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிட்டார்கள். கணக்கில் ஒன்று கூடியது. நியூசிலாந்து குறிப்பிட்டது, ஒன்று. பம்பாய் குறிப்பிட்டது, இன்னொன்று. காக்ரேன் குறிப்பிட்டது, மேலும் ஒன்று. ‘பலிக்கவில்லை’ என்று எழுதிய ஒவ்வொருவரும், பலித்தது என்று எழுதிய கட்டுரையின் மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்டே போனார்கள். ஓர் ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியலையும் மேற்கோள் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து ஆளை எடைபோடும் இந்தக் காலத்தில், அந்த எண்ணுக்குள் எத்தனை ஆமாம், எத்தனை இல்லை என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை.

இந்தக் கணக்கை உண்டாக்கியவரும் பிலடெல்பியாக்காரர்தான் என்பது விந்தையான பொருத்தம். யூஜின் கார்ஃபீல்டு அந்த நகரத்தில் 1960இல் அறிவியல் தகவல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1964இல் ‘அறிவியல் மேற்கோள் அட்டவணை’யை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். எந்தக் கட்டுரையை எவரெல்லாம் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க உதவும் கருவி அது. நூலகத் தேடலுக்காகப் பிறந்தது. ஆள் எடைபோடுவதற்காக அல்ல.

கார்ஃபீல்டுக்கு யோசனை வந்த இடம் வக்கீல்களின் அலமாரி. அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்டு 1873 முதல் வழக்குத் தீர்ப்புகளுக்கு ஓர் அட்டவணை வெளியிட்டுவந்தார். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் சுட்டின என்று அதில் பார்க்கலாம். அந்த நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற வில்லியம் அடேர் 1953இல் கார்ஃபீல்டுக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுத, கார்ஃபீல்டு 1955இல் ‘சயின்ஸ்’ இதழில், அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று கட்டுரை எழுதினார். இந்த அவையில் வழக்கறிஞர்கள் இருந்தால் அடுத்ததை உடனே புரிந்துகொள்வார்கள். ஷெப்பர்டு அட்டவணையில் ஒவ்வொரு சுட்டலுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். பின்பற்றப்பட்டது என்றால் ஓர் எழுத்து, கேள்விக்குள்ளானது என்றால் வேறு எழுத்து, ரத்தானது என்றால் இன்னொன்று. ரத்தான தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போனால் நீதிபதி சிரிப்பார் என்பதால், அந்த ஒற்றை எழுத்துதான் அந்தப் புத்தகத்தின் உயிர்.

அறிவியல் அட்டவணை அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டது. தீர்ப்பின் கதியைச் சொல்லும் அந்த எழுத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு லட்சக்கணக்கான மேற்கோள்களை ஒவ்வொன்றாகப் படித்து எழுத்துப் போட அன்று ஆளும் இல்லை, பொறியும் இல்லை. வேலைக்குத் தேவையான குறுக்குவழிதான். ஆனால் அந்தக் குறுக்குவழியின் மேல் பின்னாளில் நியமனம், பதவி உயர்வு, பல்கலைக்கழகத் தரவரிசை என்று மாடிமேல் மாடி கட்டிவிட்டார்கள்.

எழுத்து இல்லாத கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் குடல் மருத்துவத் துறையிலேயே கொடுமையான சான்று இருக்கிறது. லண்டனில் குடல் நோய் ஆய்வாளராக இருந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, 12 குழந்தைகளை வைத்து 1998இல் லான்செட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட கட்டுரை அது. 2010இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் ரத்தானது. 2019இல் அமெரிக்க நூலகர்கள் சிலர் உட்கார்ந்து, அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்ட 1,153 வெளியீடுகளையும் எடுத்து ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று வகைபிரித்தார்கள். 838 வெளியீடுகள், அதாவது 72.7 விழுக்காடு, மறுத்தும் கண்டித்தும் எழுதியவை. வெறும் எண்ணாகப் பார்த்தால் எந்த ஆய்வாளரும் பொறாமைப்படும் எண்ணிக்கை. அந்த நூலகர்கள் செய்த வேலை என்ன? விட்டுப்போன ஷெப்பர்டு எழுத்தைக் கையால் திரும்பப் போட்டார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். லண்டன் கட்டுரையையும் சென்னைக் கட்டுரையையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். முன்னது ஏமாற்று என்று நிறுவப்பட்டது. பின்னது நேர்மையான முயற்சி. மற்ற இடங்களில் திரும்பக் கிடைக்காத முடிவு, அவ்வளவுதான். 1988ஆம் ஆண்டுக் கட்டுரை தன்னை முதற்கட்ட ஆய்வு என்றே அழைத்துக்கொண்டது. சோதனையின் இரு பக்கமும் 37 பேரும் 23 பேருமாகச் சமமில்லாமல் நின்றதும் அதிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த அடக்கத்தை எடுத்துச் சொன்னவர்கள் குறைவு. கீழாநெல்லிக்கு லான்செட் முத்திரை கிடைத்துவிட்டது என்று சுவரொட்டி அடித்தவர்கள்தாம் அதிகம். இன்றும் பொட்டலத்தில் பொடி விற்பவர்களின் விளம்பரத்தில் அந்த 59 விழுக்காடு உலவுகிறது. 1990உம் 1994உம் 2011உம் அங்கே கண்ணில் படுவதில்லை.

அப்படியானால் பாட்டி கொடுத்த மோர் பலித்ததே, அது பொய்யா? காமாலை இறங்கியது மெய்தான். இறக்கியது யார் என்பது வேறு கேள்வி. கிராமங்களில் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் காமாலையில் பெரும்பங்கு, அசுத்தமான குடிநீர் வழியே பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்களால் வருவது. பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குப் போகும். பி வைரஸிலும் பெரியவர்களாகி முதன்முறை தொற்றியவர்களில் சுமார் 95 விழுக்காட்டினர் தாமே தேறிவிடுகிறார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளுக்கோ பத்தில் ஒன்பது பேருக்கு அது நிலைத்துத் தங்கிவிடுகிறது. தியாகராஜன் தொட்டது இந்தக் கடினமான இரண்டாவது வகையை. ஆகவேதான் அந்த முடிவு மெய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று மருத்துவர்களே ஏங்கினார்கள்.

மேற்கோள் எண்ணிக்கைக்குத் திரும்புவோம். அதன் இன்னொரு உருவம் எச்-இண்டெக்ஸ். ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்தது. ஒருவர் எழுதியவற்றில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 20. இந்த அளவு தொடர்ந்து உழைப்பவரைக் காட்டும். ஒரே அடியில் சுவரை இடித்தவரைக் காட்டாது. மூன்றே கட்டுரை எழுதியவருக்கு, அவை உலகையே மாற்றினாலும், எண் மூன்றைத் தாண்டாது.

கல்கத்தாவின் சம்பு நாத் டே அப்படிச் சுவரை இடித்தவர். காலரா கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று ராபர்ட் காக் 1884இலேயே ஊகித்திருந்தார். அதன் பிறகு முக்கால் நூற்றாண்டு யாராலும் நிறுவ முடியவில்லை. டே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தினால் நீர் கோத்துக்கொள்வதை 1953இல் காட்டினார். 1959இல் கிருமியே இல்லாமல் வடிகட்டிய நீரைச் செலுத்தியும் அதே வீக்கம் வருவதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். நஞ்சு பிடிபட்டுவிட்டது. கட்டுரை வெளியான காலத்தில் அதைப் பொருட்படுத்தியவர்கள் குறைவு. இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. 1978இல் ஸ்டாக்ஹோமில் காலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. நோபல் பரிசாளர் ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். 1985இல் டே காலமானார். மறு ஆண்டு, மேற்கோள் அட்டவணையின் தந்தை கார்ஃபீல்டே உட்கார்ந்து, காலரா ஆய்வுகளின் மேற்கோள் வரைபடத்தை வரைந்து, நடுநாயகமாக நிற்பவர் கல்கத்தாவின் டே என்று எழுதினார்.

எண்ணிக்கைக்கு எதிராக வாதாடுவோர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். டேயை அடையாளம் காட்டியதும் மேற்கோள் கணக்குதான். யார் எதற்காக எடுத்தாண்டார்கள் என்று படித்துப் பார்த்தவர் கையில் அது பெருமை சேர்த்தது. படிக்காமல் கூட்டுபவர் கையில்தான் அது கெடுகிறது.

டே கண்ட நஞ்சு குடலிலிருந்து நீரை இறைத்து வெளியேற்றுகிறது என்று தெரிந்ததால், அந்த நீரை வாய்வழியே ஈடுகட்டும் வழி துலங்கியது. 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ், லிட்டர் தண்ணீரில் 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு கலந்து பீப்பாய்களில் ஊற்றி வைத்தார். 30 விழுக்காடாக இருந்த சாவு 3.6 விழுக்காடாக இறங்கியது. அதைப் பற்றிய கட்டுரை 1973இல் வெளியானது பெரும் புகழ் இதழ் எதிலும் அல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில். அந்த இதழே பின்னாளில் நின்றுபோனது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் வாங்கும் தாய் யாரும் அதை மேற்கோள் காட்டுவதில்லை.

தமிழ்நாட்டில் குடல் ஆய்வின் தலைவாசல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1960களில் வட ஆர்க்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற நீடித்த வயிற்றுப்போக்கு நோய் கொள்ளை நோயாகக் கிளம்பியது. சாப்பிட்டது உடலில் ஒட்டாமல், ஆள் எலும்பும் தோலுமாக ஆகிவிடும் நோய். செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் கிராமம் கிராமமாகப் போய் அதைப் பதிவுசெய்து 1968இல் எழுதியவை இன்றும் அந்த நோயைப் பற்றிப் பேச வருவோர் தொட்டுக்கொண்டே ஆக வேண்டிய பக்கங்கள். அந்த நோய் பிற்பாடு குறைந்துபோனது, எழுதுவோரும் குறைந்தார்கள், மேற்கோளும் அதற்கேற்பத்தான் இருக்கும். நோய் ஓய்ந்தால் அதை ஆராய்ந்தவரின் எண்ணும் ஓய்கிறது. இப்படி ஒரு விசித்திர நீதி இந்தக் கணக்கில் இருக்கிறது.

அதே குழுவின் இன்னொரு கட்டுரை நேர்மாறான கதி பெற்றது. ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980இல் நேச்சர் இதழில், நலமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் வைட்டமின் பி12 உண்டாக்குகின்றன என்று காட்டினார்கள். இரண்டரைப் பக்கம்கூட இல்லாத சின்னஞ்சிறு கட்டுரை. சைவ உணவு விவாதம் எங்கே நடந்தாலும் இது வந்து நிற்கும். சைவம் மட்டுமே உண்போருக்கு பி12 தானாகக் கிடைத்துவிடும் என்று சாதிக்க இதை ஆயுதமாக்குவோர் உண்டு. கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. உண்டாகிறது என்பதற்கும் உடலுக்குப் போதும் என்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. இப்படி இழுத்து வளைத்த மேற்கோளுக்கும் கணக்கில் மதிப்பு ஒன்றுதான்.

பிறகு அதே வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணா வந்தார். வயிற்றுப்போக்கு என்றால் சிறுகுடலையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவரும் மாத்தனும் பெருங்குடலைப் பார்த்தார்கள். அங்கே வாழும் பாக்டீரியா, செரிக்காமல் வந்துசேரும் மாவுச்சத்தைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பமிலங்களாக்கும். அந்த அமிலங்கள் இருந்தால் பெருங்குடல் சுவர் உப்பையும் நீரையும் உறிஞ்சும். அப்படியானால், எளிதில் செரிக்காத மாவை உப்பு-சர்க்கரைக் கரைசலில் வேண்டுமென்றே கலந்து கொடுத்தால்? காலரா நோயாளிகள் 48 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழக்கமான கரைசல், ஒரு குழுவுக்கு அரிசி மாவு சேர்த்தது, மூன்றாம் குழுவுக்கு லிட்டருக்கு 50 கிராம் எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவு சேர்த்தது என்று கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்குப் பேதி கணிசமாகக் குறைந்தது. 2000ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ இதை வெளியிட்டது. 48 பேர்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான ஆய்வகச் சான்று இருந்தது. குழந்தைகளிடமும் பின்னர் 2006இல் சோதித்துப் பார்த்தார்கள். கீழாநெல்லிக் கட்டுரைக்கும் இதற்கும் சோதனையில் பங்கேற்றோர் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. ஏன் வேலை செய்கிறது என்ற காரணச் சங்கிலி இதில் கண்ணி கண்ணியாகப் பொருந்தியிருந்தது என்பதே வேறுபாடு.

2011இல் அதே நியூ இங்கிலாந்து இதழில் வேலூரிலிருந்து வந்த கட்டுரை, எண்ணிக்கையில் மறைந்துபோகும் மனிதர்களை நினைக்க வைக்கிறது. ககன்தீப் காங் தலைமையிலான குழு, வேலூர் நகரக் குடிசைப் பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பதிவுசெய்து, அவர்களில் 373 பேரை மூன்று வயதுவரை பின்தொடர்ந்தது. களப் பணியாளர்கள் வாரம் இருமுறை வீடு வீடாகப் போனார்கள். குழந்தை நலமாக இருந்தாலும் குறித்த நாளில் மலம் சேகரித்தார்கள். ஆறு மாதத்துக்குள் 56 விழுக்காடு குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தொற்றிவிட்டது. மெக்சிகோவில் 1996இல் வெளியான இதே மாதிரி ஆய்வில் இரண்டு முறை தொற்று வந்த குழந்தைக்கு அதன்பின் கடும் பேதியே வரவில்லை. வேலூரிலோ மூன்று தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காட்டில் நின்றது. நம் குழந்தைகளிடம் தடுப்பூசியும் குறைவாகவே காக்கும் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. 6,799 குழந்தைகளிடம் டெல்லி, புனே, வேலூர் மூன்றிடங்களில் நடந்த இந்தியத் தடுப்பூசிச் சோதனையின் முடிவு 2014இல் வெளியானது. 2017இல் அந்த வகைத் தடுப்புமருந்து தமிழ்நாட்டு அரசுச் சுகாதார நிலையங்களுக்கு வந்தது. 2019இல் காங், லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார். இந்தியாவில் பணியாற்றிய பெண் விஞ்ஞானிகளில் அப்படித் தேர்வான முதலாமவர். வாரம் இருமுறை கதவைத் தட்டிய பெண்களுக்கு எச்-இண்டெக்ஸ் கிடையாது.

துறைக்குத் துறை இந்தக் கணக்கின் வேகம் மாறும் என்பதற்குச் சான்று நம் காலடியிலேயே கிடக்கிறது. ஆலத்தியூர்ச் சிமெண்ட் ஆலைக்குத் தீனி போடும் சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்துக் கடலின் படிவு. நிலவியலாளர் ஹெச். எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் இந்தப் படிவுகளை வகுத்தபோது அரியலூர் பெயரை ஒரு வகுப்புக்குச் சூட்டினார். பின்னர் இன்னொரு நிலவியலாளர் ஸ்டோலிச்கா 1873வரை தொகுதி தொகுதியாக இங்கத்திய புதைபடிவங்களை வரைந்து பெயரிட்டார். இன்று அரியலூர்ச் சிப்பிகளைப் பற்றி எழுதவரும் நிலவியலாளர் அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் தப்ப முடியாது. ஒன்றரை நூற்றாண்டாகியும் வயதாகாத கட்டுரைகள். கல்லை ஆராய்பவரையும் குடலை ஆராய்பவரையும், கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்த மேற்கோளை எண்ணும் ஒரே அளவுகோலால் அளந்தால் இருவருக்கும் அநீதிதான். சென்னையிலிருந்து தகவல் அறிவியலில் நெடுங்காலம் உழைத்த சுப்பையா அருணாசலம் இந்த அளவுகோல்களின் தவறான பயன்பாட்டைப் பற்றி விடாமல் எழுதி எச்சரித்தவர். அவர் இந்தக் கணக்கின் எதிரியல்ல, நன்கு அறிந்தவர் என்பது கவனிக்கத் தக்கது.

அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. பெரம்பலூரிலும் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இங்கே பணியாற்றும் இளம் ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வு வேண்டுமானால் ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்பது விதி. காலையில் புறநோயாளிகள், மதியம் வகுப்பு, இரவு அவசரப் பிரிவு என்று ஓடும் மருத்துவரிடம் கட்டுரையும் கேட்டால், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் வாசலில் வந்து நிற்கின்றன. நீ என்னைக் குறிப்பிடு, நான் உன்னைக் குறிப்பிடுகிறேன் என்ற ஏற்பாடும் நடக்கிறது. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணைக் கேட்டால் எண்தான் வரும்.

தேர்வுக் குழுவில் அமர்வோர் ஒன்று செய்யலாம். விண்ணப்பதாரரின் பட்டியலில் அவரே சிறந்தது என்று கருதும் ஒரு கட்டுரையைக் கேட்டு வாங்கி முழுதாகப் படிக்கலாம். அதை எடுத்தாண்ட மூன்று கட்டுரைகளைத் திறந்து, பின்பற்றினார்களா, கேள்வி கேட்டார்களா, மறுத்தார்களா என்று பார்க்கலாம். ஒரு மாலை நேர வேலை. 1994இல் பலிக்கவில்லை என்று துணிந்து எழுதிய பம்பாய்க்காரர்களைப் போன்றவர்களுக்கு அப்போதுதான் உரிய மதிப்பு கிடைக்கும். எதிர்மறை முடிவைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் அச்சிட்ட ஆசிரியரைத் தேர்வுக் குழு முதலில் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும்.

மற்ற அவையோருக்கு ஒரு வேண்டுகோள். உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி வைரஸோடு வாழ்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாது. காமாலை வந்தால் மோரைக் குடிப்பதோடு நில்லாமல், எந்த வைரஸ் என்று ரத்தம் சோதித்துப் பார்த்துவிடுங்கள். பி என்று தெரிந்தால், 2018 ஜூலை 28 முதல் நடக்கும் தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். அந்த நாள் புளும்பெர்க் பிறந்த நாள்; உலக ஹெபடைடிஸ் நாளும் அதுவே. அவருடைய கண்டுபிடிப்பிலிருந்து வந்த தடுப்பூசியின் முதல் தவணையைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் காசு கிடையாது. பிரசவ அறையிலேயே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.